ஷட்டருக்கு அடியில் எத்தனை செல்? மெஷ் அளவை மாற்றினால் சிமுலேஷனில் என்னவெல்லாம் மாறும்: முழுமையான வழிகாட்டி

“மூணு தடவை ஓட்டிட்டேன் சார், மூணு விடை வருது. எதை எழுதறது?”

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொறியியல் மாணவர் ஒருவர் லேப்டாப்பும் கையுமாக வந்து கேட்ட கேள்வி இது. எடுத்துக்கொண்ட விஷயம் நல்ல விஷயம். ஆற்றுத் தலைப்பில் ஷட்டரைக் கொஞ்சமாகத் தூக்கினால் அடியில் பீறிட்டுக்கொண்டு தண்ணீர் வருமே, அதை ஓப்பன்ஃபோம் என்ற நீரோட்டச் சிமுலேஷன் மென்பொருளில் போட்டுப் பார்த்திருந்தார். மெஷ் 10 செ.மீ. வைத்தால் ஒரு விடை, 5 வைத்தால் வேறு, 2.5 வைத்தால் இன்னொன்று. “கடைசியில வந்ததுதான் நுண் மெஷ், அதையே எழுதிடலாமா?” என்பதுதான் அவர் உண்மையில் கேட்க வந்தது.

எழுதலாம், எழுதக்கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. மூன்று விடையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் நான்காவதாக ஓர் எண் கிடைக்கும். அதுதான் எழுத வேண்டியது. அங்கே போய்ச் சேரும் வழியை அந்த ஷட்டரை வைத்தே சொல்கிறேன். சால்வர் (சமன்பாட்டைத் தீர்க்கும் மென்பொருள்) எதுவானாலும் முறை இதுதான்.

வயலும் வரப்பும்

டெல்டாக்காரர்களுக்கு மெஷ்ஷை விளக்க வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு வேலி நிலத்தை வரப்பே இல்லாமல் ஒரே வயலாக விட்டால் மேட்டில் காய்ந்து கிடக்கும், பள்ளத்தில் பயிர் மூழ்கும். ஆனால் நோட்டில் எழுதும்போது “தண்ணீர் நாலு விரல்” என்று ஒரே எண்தான் எழுத முடியும். வரப்புப் போட்டுச் சின்னச் சின்னப் பாத்தியாக்கினால் ஒவ்வொரு பாத்திக்கும் ஓர் எண். நிலத்தின் வாட்டம் அந்த எண்களில் தெரிய ஆரம்பிக்கும்.

செல் என்பது பாத்தி. இரண்டு செல்லுக்கு நடுவே இருக்கும் முகம் மடை. உள்ளே வந்த தண்ணீரில் வெளியே போனதைக் கழித்தால் பாத்தியில் ஏறியதோ இறங்கியதோ கிடைக்கும். ஃபைனைட் வால்யூம் முறையின் அடிப்படை இவ்வளவுதான். வேகம், அழுத்தம், கொந்தளிப்பு எல்லாவற்றுக்கும் இதே வரவு செலவுதான். பாத்திக்குள் என்ன நடக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. ஒரு செல்லுக்குள் வேகம் 1 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு ஏறினாலும் அதன் கையில் இருப்பது ஒரு சராசரி எண்.

பாத்தியைச் சின்னதாக்கிக்கொண்டே போகலாம்தான். ஆனால் வரப்பு கட்ட ஆள் வேண்டும், மடை திறக்க ஆள் வேண்டும். அந்தக் கூலிக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

மெஷ்ஷுக்கு முன்னால் ஒரு தாள்

கணினியைத் திறப்பதற்கு முன் கையால் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் எந்த விடை வந்தாலும் நம்பிவிடுகிறார்கள்.

நம் ஷட்டரில் மேல்பக்கம் தண்ணீர் 2 மீட்டர். ஷட்டர் 30 செ.மீ. தூக்கியிருக்கிறது. அடி விளிம்பு கூர்மையாக இருந்தால் வெளியே வரும் தண்ணீர் திறப்பின் உயரத்துக்கு அப்படியே வராது. சுருங்கி, ஏறக்குறைய 0.61 மடங்காக வரும். அதாவது 30 செ.மீ. திறப்பில் ஜெட்டின் உயரம் சுமார் 18 செ.மீ.தான்.

ஒரு மீட்டர் அகலத்துக்கு நீரளவு: 0.183 × √(2 × 9.81 × 2), அதை √(1 + 0.183 ÷ 2) ஆல் வகுக்க வேண்டும். விடை நொடிக்கு 1.10 கன மீட்டர். ஜெட்டின் வேகம் நொடிக்கு 6 மீட்டர். மேல்பக்க வேகம் 0.55 மீட்டர். ஜெட்டின் ஃப்ரூட் எண் (நீரின் வேகம் அதன் ஆழத்துக்குரிய அலை வேகத்தைப்போல எத்தனை மடங்கு என்பது) ஏறக்குறைய 4.5. அது தாவிக் குதித்து அமைதியாவதற்குக் கீழ்ப்பக்கம் சுமார் 1.07 மீட்டர் தண்ணீர் வேண்டும்.

கடைசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் நிலத்துக்கு வாட்டம் குறைவு, ஆற்றில் பெரும்பாலும் கீழ்ப்பக்கமும் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். அது 1.07 மீட்டரைத் தாண்டிவிட்டால் ஜெட் மூழ்கிப்போகும், மேலே போட்ட சூத்திரம் செல்லாது, நீரளவு குறையும். மாணவர் கீழ்ப்பக்கம் 40 செ.மீ. வைத்திருந்தார். அதனால் இந்தக் கணக்கோடு ஒப்பிடலாம்.

யூனிட்டைப் பாருங்கள்

இது சின்ன விஷயம், ஆனால் நான் சூடு பட்ட விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்ப் தொட்டிக்கான வரைபடம் வந்தது. 3 மீட்டர் தொட்டி. வரைந்தவர் மில்லிமீட்டரில் வரைந்திருந்தார், நான் மாற்றாமல் உள்ளே போட்டேன், சால்வர் அதை மீட்டராக எடுத்துக்கொண்டது. 3 கிலோமீட்டர் தொட்டி! சிமுலேஷன் என்னவோ பட்டுப்போல ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? செல் ஆயிரம் மடங்கு பெரிதானதால் டைம் ஸ்டெப்பும் (கணக்கு ஒரு தடவையில் தாண்டும் நேரம்) ஆயிரம் மடங்கு நீண்டுவிட்டது. 60 நொடி ஓட்டம் சட்டென்று முடிந்தது. தண்ணீர் மட்டும் நுழைந்த இடத்தை விட்டுப் பெரிதாக நகரவில்லை. நொடிக்கு ஒரு மீட்டர் போகிற தண்ணீர் 60 நொடியில் 60 மீட்டர்தானே போகும். அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மெஷ் போட்ட கையோடு, மெஷ்ஷைச் சோதிக்கும் செக்மெஷ் கட்டளையை ஓட்டி மொத்த நீள அகலத்தைப் பாருங்கள். அதில் 20-ம் 3-ம் வரவேண்டிய இடத்தில் 20000-ம் 3000-ம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். அதே அறிக்கையில் செல்களின் தரத்தையும் பார்த்துவிடலாம். நான்-ஆர்த்தோகனாலிட்டி (செல்கள் எவ்வளவு கோணலாக இருக்கின்றன என்பது) 65, 70 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பக்கத்துப் பக்கத்துச் செல்களின் அளவு படிப்படியாக, 1.2 மடங்கு அளவில் மாறினால் நல்லது. மோசமான பத்து செல் ஒரு லட்சம் நல்ல செல்லைக் கெடுக்கும்.

எண்ணிப் பாருங்கள்

முதல் ஓட்டத்தை இரண்டு பரிமாணத்தில் வையுங்கள். ஒரு கண்ணின் (இரண்டு தூணுக்கு நடுவே உள்ள திறப்பின்) நடுவே வெட்டி எடுத்த துண்டு போதும். தூண்கள் நீரை நெருக்குவதும் ஆறு சாய்வாக வந்து மோதுவதும் முக்கியமானால்தான் மூன்று பரிமாணம், அதுவும் இரண்டாவது கட்டத்தில். நம் துண்டு ஷட்டருக்கு மேல்பக்கம் 6 மீட்டர், கீழ்ப்பக்கம் 14 மீட்டர், உயரம் 3 மீட்டர். மூன்று பரிமாணத்துக்குக் கண்ணின் அகலம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

| செல் அளவு | ஷட்டருக்கு அடியில் | 2 பரிமாணச் செல்கள் | 3 பரிமாணச் செல்கள் | டைம் ஸ்டெப் (நொடி) |
|---|---|---|---|---|
| 10 செ.மீ. | 3 | 6,000 | 3 லட்சம் | 0.0083 |
| 5 செ.மீ. | 6 | 24,000 | 24 லட்சம் | 0.0042 |
| 2.5 செ.மீ. | 12 | 96,000 | 1.92 கோடி | 0.0021 |
| 1.25 செ.மீ. | 24 | 3,84,000 | 15.36 கோடி | 0.0010 |

அட்டவணையில் இரண்டாவது பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 10 செ.மீ. மெஷ்ஷில் 18 செ.மீ. ஜெட்டுக்கு இரண்டு செல்கூட முழுசாகக் கிடைக்காது. சுருங்குவது என்ற நிகழ்ச்சியே அந்த மெஷ்ஷுக்குக் கண்ணில் படாது. என் வழக்கம், விடையைத் தீர்மானிக்கிற மிகச் சின்ன இடைவெளியில் குறைந்தது 10 செல்லாவது வைப்பது. இங்கே அது 2.5 செ.மீ. கரடு மெஷ்ஷை ஓட்டவே கூடாது என்று சொல்லவில்லை. எல்லைகளைச் சரியாகக் கொடுத்தோமா, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க 10 செ.மீ. மெஷ் அருமையான மெஷ். பத்து நிமிஷத்தில் தப்பு தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஷட்டர் தகடு 2 செ.மீ. கனம் என்றால் 5 செ.மீ. செல்லுக்குள் அது காணாமல் போகும். சில மெஷ் கருவிகள் தகட்டில் ஓட்டை விட்டுவிடும், தண்ணீர் இரும்புக்கு ஊடாகவே ஒழுகும். மாணவரின் முதல் விடை பெரிதாக வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். கரடு மெஷ்ஷில் தகட்டைக் கனமே இல்லாத சுவராகக் கொடுத்துவிடுவது உத்தமம்.

கூலிக் கணக்கு

செல்லைப் பாதியாக்கினால் இரண்டு பரிமாணத்தில் செல் எண்ணிக்கை 4 மடங்கு, மூன்று பரிமாணத்தில் 8 மடங்கு. இது எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது நேரம். ஒரு டைம் ஸ்டெப்பில் தண்ணீர் ஒரு பாத்தியைத் தாண்டி அடுத்ததற்கு எகிறிவிடக் கூடாது. கூரன்ட் எண் என்பது இந்தக் கட்டுப்பாடுதான். நீர்மட்டத்தைப் பின்தொடரும் கணக்குகளில் அதை 0.5 அளவில் வைப்பது வழக்கம். அப்படியானால் செல் பாதியாகும்போது ஸ்டெப்பும் பாதியாகும். ஆக மூன்று பரிமாணத்தில் வேலை 16 மடங்கு.

60 நொடி ஓட்ட 10 செ.மீ. மெஷ்ஷுக்கு 7,200 ஸ்டெப். 1.25 செ.மீ. மெஷ்ஷுக்கு 57,600. மூன்று முறை பாதியாக்கினால் 16 × 16 × 16, அதாவது 4,096 மடங்கு வேலை. முதல் ஓட்டம் 20 நிமிஷத்தில் முடிந்தது என்று வையுங்கள், கடைசி ஓட்டத்துக்கு 57 நாள் ஆகும். ஓட்டத்தை ஆரம்பித்த அன்றைக்கு விதைத்த குறுவை அதற்குள் பாதி வளர்ந்து நிற்கும்.

நடைமுறையில் அதற்கும் மேலேயே ஆகும். அழுத்தத்தைத் தீர்க்கும் சமன்பாட்டில் ஒவ்வொரு செல்லும் மற்ற எல்லாச் செல்லோடும் பேச வேண்டியிருக்கிறது. சாதாரண கான்ஜுகேட் கிரேடியன்ட் முறையில் செல் பாதியானால் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மல்டிகிரிட் முறையில் அது அவ்வளவாக ஏறாது. மெஷ் பெரிதாகும்போது முதலில் மாற்ற வேண்டிய செட்டிங் இதுதான். மெமரிக்கு, பத்து லட்சம் செல்லுக்கு 1 முதல் 2 ஜி.பி. என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 16 ஜி.பி. லேப்டாப்பில் 24 லட்சம் செல் தாராளமாக ஓடும், 1.92 கோடி உள்ளேயே நுழையாது.

கோர் எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு கோருக்கு 50,000 செல்லுக்குக் கீழே போனால் கோர்கள் கணக்குப் போடுவதைவிட ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்தான் நேரம் போகும். 24,000 செல் மெஷ்ஷை 8 கோரில் பிரித்து ஓட்டுவது, ஒரு மா நிலத்துக்கு எட்டு டிராக்டர் கூப்பிட்ட கதை.

சின்னதாக்கும்போது உள்ளே என்ன மாறுகிறது

முதலாவது, பொய்யான பிசுபிசுப்பு. முதல் வரிசை அப்விண்ட் முறையில் (தண்ணீர் வரும் பக்கத்துச் செல்லின் எண்ணையே மடைக்கும் எடுத்துக்கொள்வது) கணக்கிட்டால், வேகத்தைச் செல் அளவால் பெருக்கி இரண்டால் வகுத்தால் வரும் அளவுக்குத் தண்ணீரில் இல்லாத ஒரு பிசுபிசுப்பு சேர்கிறது. 6 மீட்டர் வேகம், 10 செ.மீ. செல்: 0.3. தண்ணீரின் உண்மையான மதிப்பு ஏறக்குறைய 0.000001. மூன்று லட்சம் மடங்கு! வேகம் சீராக இருக்கும் இடத்தில் இது வெளியே தெரியாது. ஷட்டர் விளிம்பில் தண்ணீர் வளைந்து திரும்புகிறதே, அங்கேதான் தெரியும். சுழல்கள் மழுங்கும், ஜெட்டின் ஓரம் தேனில் கரண்டி விட்டதுபோல இழுபடும். செல்லைப் பாதியாக்கினால் இந்தப் பொய் பாதியாகும். இரண்டாம் வரிசை முறைக்கு மாறினால், செல்லைப் பாதியாக்கும் ஒவ்வொரு தடவையும் பிழை கால் பங்காகும். அதனால் செல்லைக் குறைப்பதற்கு முன் கணக்கு முறையைப் பாருங்கள். முதல் வரிசை முறையில் ஒரு கோடி செல் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இரண்டாவது, நீர்மட்டம். ஒவ்வொரு செல்லிலும் எத்தனை பங்கு தண்ணீர் என்று கணக்கு வைக்கும் வால்யூம் ஆஃப் ஃப்ளூயிட் முறையில் தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள கோடு இரண்டு மூன்று செல்லுக்குப் பரவி நிற்கும். 10 செ.மீ. மெஷ்ஷில் 20, 30 செ.மீ. மங்கல். ஜெட்டே 18 செ.மீ.தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கோடு ஜெட்டைவிடத் தடிமன்!

மூன்றாவது, தரை. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். புத்தகத்தில் ஒய் பிளஸ் (முதல் செல்லின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை உராய்வையும் பிசுபிசுப்பையும் வைத்துச் சொல்லும் எண்) 30-லிருந்து 300-க்குள் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு, தரையை ஒட்டி மில்லிமீட்டர் கணக்கில் அடுக்கு போட ஆரம்பிப்பார்கள். நம் ஜெட்டுக்குப் போட்டுப் பாருங்கள். தரை உராய்வு வேகம் நொடிக்கு 0.25 மீட்டர் அளவில் வரும். ஒய் பிளஸ் 300 என்றால் தரையிலிருந்து 1.2 மி.மீ. உயரத்தில் முதல் செல்லின் நடுப்புள்ளி. ஆனால் நம் தளம் என்ன கண்ணாடியா? கான்கிரீட்டின் சொரசொரப்பே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். சொரசொரப்புக்கான வால் ஃபங்ஷன் (தரையை ஒட்டிய வேகத்தைச் சூத்திரத்தால் தரும் வழி) வைத்தால் செல்லின் நடுப்புள்ளி அந்தச் சொரசொரப்புக்கு மேலே இருந்தாக வேண்டும். கீழே போனால் அந்தச் சூத்திரத்துக்கே அர்த்தம் கிடையாது. மெஷ்ஷை நுணுக்க நுணுக்க விடை கெட்டுப்போகிற இடம் இது.

1.25 செ.மீ. செல்லில் நடுப்புள்ளி 6.25 மி.மீ. உயரத்தில் இருக்கும், ஒய் பிளஸ் 1,500-ஐத் தாண்டும். இந்த அளவு ரெனால்ட்ஸ் எண்ணில், 18 செ.மீ. ஆழ ஜெட்டில், அது ஏற்றுக்கொள்ளத்தக்கதுதான். 300 என்பது கல்வெட்டு அல்ல. தவிர, ஷட்டர் வழியே போகும் நீரளவைத் தரை உராய்வு பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. கீழ்ப்பக்க மண் அரிப்பு உங்கள் கேள்வியானால் கதை வேறு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்து அடித்துக்கொண்டு போனதிலிருந்து மாணவர்கள் பலர் தூணடி அரிப்பைத்தான் ஆராய விரும்புகிறார்கள். அதற்குத் தரை உராய்வு நம்பும்படி வரவேண்டும், தரையை ஒட்டிய செல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மூன்று மெஷ் போடும்போதும் முதல் அடுக்கின் உயரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துவிட்டு மற்றதை நுணுக்குவது ஒரு நல்ல வழி.

எங்கே நுணுக்க வேண்டும்

முழுவதையும் 1.25 செ.மீ. ஆக்க வேண்டியதில்லை. அடிப்படை 10 செ.மீ. ஷட்டருக்கு ஒரு மீட்டர் முன்னாலிருந்து இரண்டு மீட்டர் பின்னால் வரை, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு 1.25 செ.மீ. அதைச் சுற்றி 5 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரத்துக்கு 2.5 செ.மீ. தாவல் நடக்கும் இடத்தையும் சேர்த்து 12 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரத்துக்கு 5 செ.மீ. மேல்பக்க நீர்மட்டத்தை ஒட்டி 40 செ.மீ. பட்டை ஒன்று, அதுவும் 5 செ.மீ. கூட்டினால் சுமார் 26,400 செல். முழுக்க நுணுக்கியிருந்தால் 3,84,000. பதினான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒரு ஏமாற்றமும் இருக்கிறது. டைம் ஸ்டெப்பைத் தீர்மானிப்பது இருப்பதிலேயே சின்னச் செல்தான். ஆகவே ஸ்டெப் எண்ணிக்கை 57,600 என்பதில் மாற்றமில்லை. மிச்சமாவது செல் கணக்கில் மட்டும்.

எங்கே நுணுக்குவது என்று தெரியாவிட்டால் ஆற்றங்கரைக்குப் போங்கள். மாணவரை நான் ஒரு தலைப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேல்பக்கம் தண்ணீர் அசையாததுபோல வந்துகொண்டிருந்தது. ஷட்டர் முகத்துக்கு ஓரடி முன்னால் ஒரு வைக்கோல் துரும்பு மிதந்து வந்து, ஒரு கணம் தயங்கி, சுழன்று, சட்டென்று உள்ளே இழுக்கப்பட்டது. கீழ்ப்பக்கம் ஒரு பாகம் தூரத்துக்குத் தண்ணீர் கண்ணாடித் தகடுபோல வழுவழுவென்று, அதற்கப்புறம் வெள்ளை நுரை. துரும்பு தயங்கிய இடத்திலிருந்து கண்ணாடி முடிகிற இடம் வரைக்கும்தான் நாம் 1.25 செ.மீ. போட்ட பெட்டி.

மூன்று மெஷ், ஒரு விடை

இப்போது அந்த மூன்று விடைக்கு வருவோம். மேல்மட்டத்தை 2 மீட்டரில் நிறுத்திவிட்டு, வெளியேறும் நீரளவைக் கடைசி 20 நொடிக்குச் சராசரி எடுக்க வேண்டும். மூன்று ஓட்டத்திலும் மெஷ்ஷைத் தவிர எதுவும் மாறக் கூடாது: அதே கணக்கு முறை, அதே கூரன்ட் எண், அதே கொந்தளிப்பு மாடல், அதே எல்லைகள். ஒவ்வொரு ஓட்டத்திலும் ரெசிடுவல் (சமன்பாட்டில் இன்னும் தீராமல் நிற்கும் மிச்சம்) குறைந்தது மூன்று தசம இடமாவது இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது மெஷ்ஷை அல்ல, அரைகுறையாக நின்ற கணக்கை.

மாணவரின் 10 செ.மீ. ஓட்டத்தை விட்டுவிட்டு 1.25 செ.மீ. ஒன்றைச் சேர்த்து ஓட்டியதில் இந்த எண்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 5 செ.மீ.: 1.180. 2.5 செ.மீ.: 1.124. 1.25 செ.மீ.: 1.108.

முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 0.056. அடுத்த இரண்டுக்கும் 0.016. ஒன்றை மற்றதால் வகுத்தால் 3.5. செல் பாதியாகும்போது பிழை மூன்றரையில் ஒரு பங்காகிறது. முதல் வரிசை முறையானால் இது 2-க்குப் பக்கத்தில் வந்திருக்கும், சுத்தமான இரண்டாம் வரிசையானால் 4. வரிசை எண்ணாகச் சொன்னால் 3.5-இன் லாகரிதத்தை 2-இன் லாகரிதத்தால் வகுக்க வேண்டும், 1.81. நீர்மட்டக் கணக்குக்கு இது நல்ல எண்.

செல் அளவு பூஜ்யமானால் என்ன வரும்? கடைசி வித்தியாசத்தை (3.5 − 1) ஆல் வகுத்து, நகரும் திசையிலேயே தள்ள வேண்டும்: 1.108 − 0.016 ÷ 2.5 = 1.1016. கையால் போட்ட 1.10-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். இந்த உத்தியைக் கொடுத்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், 1911-லேயே. கணினி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு!

பிழையின் அளவைச் சொல்ல, பேட்ரிக் ரோச் 1994-ல் முன்வைத்த கிரிட் கன்வெர்ஜென்ஸ் இன்டெக்ஸைப் பயன்படுத்தலாம். வித்தியாசத்தை நுண் மெஷ் விடையால் வகுத்து, 2.5 ஆல் வகுத்து, பாதுகாப்புக்காக 1.25 ஆல் பெருக்க வேண்டும். 1.25 செ.மீ. மெஷ்ஷுக்கு 0.72 சதவீதம், 2.5 செ.மீ. மெஷ்ஷுக்கு 2.5 சதவீதம். இரண்டு மெஷ் மட்டுமே ஓட்டினால் பாதுகாப்பு எண் 3 ஆகிவிடும், சோம்பேறித்தனத்துக்கு அபராதம். கடைசிச் சரிபார்ப்பு ஒன்று: 2.5-ஐ (3.5 × 0.72) ஆல் வகுத்தால் 1-க்குப் பக்கத்தில் வரவேண்டும். இங்கே 0.99. வெகுதூரம் விலகினால் உங்கள் கரடு மெஷ் ரொம்பக் கரடு, இந்தக் கணக்குக்குள் சேர்க்கத் தகுதியில்லை. 10 செ.மீ. ஓட்டத்தை நான் சேர்க்காததற்குக் காரணம் அதுதான்.

மூன்று பரிமாணத்தில் இரட்டிப்பு கட்டுப்படியாகாது. அங்கே 1.3 மடங்கு வித்தியாசம் போதும். செல் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் 2.2 மடங்குதான் ஏறும், வேலை 2.9 மடங்கு. வரிசை எண் கண்டுபிடிக்கும்போது 2-க்குப் பதில் 1.3-இன் லாகரிதத்தைப் போட மறக்க வேண்டாம். பெட்டி வைத்து நுணுக்கியிருந்தால் பெட்டிகளை நகர்த்தாமல் அடிப்படை அளவை மட்டும் மாற்றுங்கள்.

ஒத்துவராத விடைகள்

சில சமயம் விடை 1.18, 1.10, 1.14 என்று ஊஞ்சலாடும். அப்போது ரிச்சர்ட்சன் கணக்கை வலிந்து போடக் கூடாது. பெரும்பாலும் காரணம் சராசரி எடுத்த நேரம் போதாதது, அல்லது கீழ்ப்பக்கத் தாவல் நகர்ந்து ஷட்டரைத் தொட்டுவிட்டது.

தாவலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நுரையும் குமிழும் நிறைந்த அந்த இடத்தில் மெஷ்ஷைச் சின்னதாக்கினால் புதிய குமிழ், புதிய சிற்றலை என்று வந்துகொண்டே இருக்கும். ஒரு புள்ளியில் ஒரு கணத்தில் உள்ள வேகம் எந்த மெஷ்ஷிலும் நிலைக்காது. சராசரி நீர்மட்டம், தாவலின் சராசரி இடம், தரையின் சராசரி அழுத்தம், இவற்றை ஒப்பிடுங்கள். பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிட்டுச் சின்னதை வடிகட்டிவிடும் லார்ஜ் எடி சிமுலேஷன் என்றால் இன்னும் சிக்கல். அங்கே வடிகட்டியின் அளவே செல்லின் அளவுதான். மெஷ்ஷை மாற்றினால் தீர்க்கிற சமன்பாடே மாறுகிறது. கொந்தளிப்பைச் சராசரியாக எடுத்துக்கொள்ளும் ரேன்ஸ் மாடலுக்குச் சொன்ன மூன்று மெஷ் பாடம் அங்கே அப்படியே செல்லாது.

சரி, ஒரு நடைமுறை விஷயம். கரன்ட் போகும். அதனால் விடையைக் குறிப்பிட்ட இடைவெளியில் எழுதி வைக்கும்படி செட் செய்யுங்கள், கடைசியாக எழுதிய இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படியும். கோடிச் செல் மெஷ்ஷை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் எழுதச் சொன்னால் காலையில் ஹார்ட் டிஸ்க் நிரம்பி ஓட்டம் நின்றிருக்கும்.

எங்கே நிறுத்துவது

மாணவர் 0.72 சதவீதம் வந்ததும் 0.6 செ.மீ. மெஷ்ஷும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தலைப்புக்குப் போன அன்று, ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியரான லஸ்கரிடம் பேசியதை நினைவுபடுத்தினேன். ஷட்டர் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அவர் ஸ்குரூ ராடில் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டைக் காட்டினார். “இந்தக் கோடுதான் தம்பி கணக்கு. முன்ன பின்ன ரெண்டு விரக்கடை இருக்கும், என்ன இப்போ?”

விரக்கடை என்றால் ஒரு விரல் அகலம். இரண்டு வேண்டாம், ஒன்றே என்று வைத்து 2 செ.மீ. போட்டாலும் 30 செ.மீ. திறப்பில் அது ஏறக்குறைய 7 சதவீதம், நீரளவிலும் கிட்டத்தட்ட அதே 7. மேல்மட்ட அளவுகோலில் 5 செ.மீ. தப்பாகப் படித்தால் இன்னொரு 1.25 சதவீதம். மெஷ் பிழை 0.72. மாணவர் 1.25 செ.மீ. மெஷ்ஷோடு நிறுத்திக்கொண்டார். அறிக்கையில் எழுதியது: “நீரளவு நொடிக்கு 1.10 கன மீட்டர், மெஷ்ஷால் வரும் பிழை 1 சதவீதத்துக்குள், ஷட்டர் திறப்பை அளப்பதில் வரும் பிழை 7 சதவீதம் வரை.” மிச்சமிருந்த வாரத்தில் சாக்பீஸ் கோட்டுக்குப் பதிலாக ஸ்குரூ ராடில் ஒட்ட ஒரு அளவுப் பட்டை தயார் செய்துகொண்டிருந்தார்.